திரையா, மனக்கண்ணா?

ஆளுக்கொரு பாத்திரமாகி, கூடிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தபோது தாள், பென்சில், பகடை இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். இப்போது ரோல்20 போன்ற இணையத்தளங்களில் வரைபடம், இருட்டு, வெளிச்சம், பகடை எல்லாமே திரைக்குள். மட்டக்களப்பில் புதிதாகக் குழு சேர்ப்பவர்கள் எதைப் பிடிப்பது?

கணக்குக்குத் திரைதான் வசதி. இருபது முகப் பகடையைத் தேடி அலைய வேண்டாம், பாத்திரத்துக்கு மிஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளியை அழித்தழித்து எழுதவும் வேண்டாம். ஒருவர் கல்முனையிலும் மற்றவர் கட்டாரிலும் இருந்தால் வேறு வழியே இல்லை.

கதை என்று வந்தால் என் வாக்கு வாய்ப்பேச்சுக்குத்தான். "தோணி கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட நிற்குது. நிலவு. தண்ணிக்குள்ள என்னவோ பாடுது. என்ன செய்யப்போறீங்க?" என்று ஆட்டத்தை நடத்துபவர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். "துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியில காதை வைக்கிறன்" என்கிறார் ஒருவர். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கதை கேட்டு வளர்ந்தவருக்கு அது தானாக வரும். அதே வாவியைக் கட்டம் போட்ட படமாகக் காட்டிப் பாருங்கள்: எத்தனை கட்டம் நகரலாம் என்றுதான் முதல் கேள்வியே வரும். படத்தில் இல்லாத கதவை யாரும் தேடுவதில்லை. படம் அழகாக இருந்தால் இன்னும் மோசம்!

சரி, ஏழெட்டு எதிரிகள் சூழ்ந்த சண்டைக்கு மட்டும் லப்டொப்பைத் திறக்கலாம். சண்டை முடிந்ததும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்காள் வட்ஸ்அப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.