2010: ஒரே ஆண்டில் மூன்று பட்டங்கள், எது பெரிது?

ஐஸ் ஹாக்கியில் 2010இல் மூன்று பெரிய பட்டங்கள்: ஒலிம்பிக் தங்கம், வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை, உலக சாம்பியன்ஷிப். அந்த ஆண்டு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கனடாவின் சிட்னி கிராஸ்பி அடித்த கோல்தான். பிப்ரவரி 28, வான்கூவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். 24 நொடிகளே மிச்சம் இருக்கையில் சாக் பாரிசே அமெரிக்காவுக்காகச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கிராஸ்பி "இகி!" என்று குரல் கொடுக்க, விழுந்துகொண்டே சக வீரர் ஜரோம் இகின்லா தள்ளிவிட்ட பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு), அடுத்த கணம் அமெரிக்க கோல்கீப்பர் ரயன் மில்லரைத் தாண்டி வலைக்குள் கிடந்தது. கனடா 3-2.

ஆனால் ஒரு வாரத்துக்கு முன் லீக் சுற்றில் இதே அமெரிக்கா இதே கனடாவை 5-3 என்று வீழ்த்தியிருந்தது. ஆக, ஆளுக்கொரு வெற்றி. கோப்பையைத் தீர்மானிக்கும் என்.எச்.எல். பிளே-ஆஃப் சுற்றாக இருந்திருந்தால் தொடர் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும். என் வாக்கு ஸ்டான்லி கோப்பைக்குப் போவது இதனால்தான்.

அங்கே நான்கு சுற்றுகள். ஒவ்வொன்றிலும் நான்கு முறை வென்றாக வேண்டும். பாஸ்டனிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்த பிலடெல்பியா அடுத்த நான்கையும் வென்றது. ஏழாவது ஆட்டத்தில்கூட 0-3 என்று பின்தங்கியிருந்துதான் 4-3 என மீண்டது. ஒற்றை ஆட்ட முறையில் அந்த அணி முதல் நாளே மூட்டை கட்டியிருக்கும்! அப்படிப்பட்ட அணியை இறுதியில் 4-2 என்று சாய்த்தது சிகாகோ. 1961க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. அரையிறுதித் தொடரில் வாயில் பக் பட்டு ஏழு பற்களை இழந்த டங்கன் கீத், அதே ஆட்டத்தில் திரும்பி வந்து ஆடினார். கீத், ஜோனதன் டேவ்ஸ், பிரென்ட் சீப்ரூக் மூவருக்கும் வான்கூவர் தங்கமும் உண்டு, இந்தக் கோப்பையும் உண்டு.

அமெரிக்க அணியில் ஆடி வெள்ளியோடு திரும்பியிருந்த சிகாகோவின் பேட்ரிக் கேனுக்கு, ஜூன் 9 அன்று கடைசி ஆட்டத்தில் நேரம் வந்தது. கூடுதல் நேரத்தில் இடது ஓரத்திலிருந்து அவர் அடித்த பக் வலையின் அடித்திண்டுக்குள் மறைந்துபோனது. கையுறைகளை வீசிவிட்டு அவர் மறுமுனைக்குப் பாய்கிறார். சக வீரர்களோ இன்னும் பக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உலக சாம்பியன்ஷிப் இவற்றோடு போட்டி போட முடியாது. மே மாதத்தில் சிறந்த வீரர்கள் பலர் பிளே-ஆஃபில் இருப்பார்கள். என்றாலும் அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கெல்சன்கிர்ஷன் கால்பந்து மைதானத்தில் 77,803 பேர் முன்னிலையில் ஜெர்மனி அமெரிக்காவை வென்று தொடங்கிய தொடர் அது. ஓவெச்கின், மால்கின், தத்சூக் என்று நட்சத்திரங்கள் நிறைந்த ரஷ்யாவை இறுதியில் செக் அணி 2-1 என்று வீழ்த்தியது. அரையிறுதியிலேயே செக் அணியின் கதை முடிந்திருக்கும்: சுவீடனுக்கு எதிராக ஏழு நொடிகள் மிஞ்சியிருக்கையில் கரேல் ரஹூனெக் சமன் செய்தார், பிறகு ஷூட்-அவுட்டில் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு யாரோஸ்லாவ்ல் விமான விபத்தில் ரஹூனெக் இறந்துபோனார். கிராஸ்பியின் கோலை எங்கும் காட்டுகிறார்கள். நான் தேடிப்போய்ப் பார்ப்பது அந்த ஏழு நொடிகளைத்தான்.