பழைய பயணிகள் கப்பலில் ஆழம் பார்க்க: கெல்வின் கம்பியா, எதிரொலிக் கருவியா?

பழைய கப்பல்களின் மாதிரி செய்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1870களில் உருவாக்கிய கம்பி எந்திரத்தை வைப்பதா, 1920களில் பரவிய எதிரொலிக் கருவியை வைப்பதா?

வேலை செய்யும் விதம்
கெல்வின்: பியானோ கம்பியின் நுனியில் ஈயக்குண்டு, கூடவே ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாய். உள்ளே சில்வர் குரோமேட் பூச்சு. ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் கடல்நீர் குழாய்க்குள் ஏறும். நீர் பட்ட இடம் வெளுக்கும். அந்தக் கோட்டை அளவுகோலில் வைத்துப் படிப்பார்கள். அழகான வேதியியல்!
எதிரொலி: கருவி அனுப்பும் ஒலி கடல்தரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடுவது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒரு நொடியில் திரும்பினால் ஆழம் 750 மீட்டர்.

செலவு
கெல்வின்: ஒவ்வொரு அளவைக்கும் புதுக் குழாய். கம்பியும் முறுக்கினால் அறும்.
எதிரொலி: கப்பலின் அடித்தட்டில் பொருத்த உலர்துறை வேண்டும்.

வசதி
கெல்வின்: கப்பலை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் தளத்தில் ஆள் வேண்டும். சுமார் 100 பாகம் (600 அடி) வரை நம்பலாம். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் மணலோ சேறோ ஒட்டி வரும். இருக்குமிடத்தை ஊகிக்க அது பெரிய உதவி.
எதிரொலி: மாலுமி மேடையிலிருந்தே, அடுத்தடுத்து அளக்கலாம்.

1912 காலத்துக் கப்பல் என்றால் கெல்வின்தான். எதிரொலிக் கருவி காலப்பிழை. 1930களின் கப்பலுக்கு எதிரொலி.