பழைய மினிடிவி (MiniDV) கேம்கார்டர்: ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த மினிடிவி கேம்கார்டரை (சின்ன டேப் கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் வீடியோ கேமரா) எடுத்து ஒரு மாதமாகப் படம் பிடிக்கிறேன். கேசட்டை வைத்ததும் 'ர்ர்ர்... டக்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே பாதி மார்க் கொடுத்துவிடலாம். 1995-இல் வந்த ஃபார்மட், பிஏஎல் (நம்மூர் பழைய டிவி முறை) மாடல் என்பதால் 720-க்கு 576 பிக்சல்தான், இன்றைய போன் பக்கத்தில் வைத்தால் மங்கல்தான். ஆனால் சிசிடி என்ற பழைய வகை சென்சாரின் அந்த நிறமும், விளக்கைக் காட்டினால் மேலிருந்து கீழாக விழும் வெள்ளைக் கோடும் (அது உண்மையில் ஒரு குறைதான், எனக்குப் பிடித்திருக்கிறது) எந்த ஃபில்டரிலும் எனக்குச் சரியாக வரவில்லை.

தலைவலி அப்புறம்தான். ஒரு மணி நேர டேப்பைக் கணினிக்கு மாற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், ஏறக்குறைய 13 ஜிபி இடம் போய்விடும், அதற்கான ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் போர்ட்டோ புது லேப்டாப்புகளில் கிடையாது. பழைய பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு சேர்ந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது, கிளீனிங் கேசட்டைப் பத்து வினாடி ஓட்டியதும் சரியாகிவிட்டது. சரி, பழையது ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் லென்ஸை மட்டும் பார்த்து ஏமாறாமல், டேப் போட்டுப் பதிவு செய்து, திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.