வீட்டுப் பிளானும் படமும்: யாழ்ப்பாணத்தில் எந்த வேலையோடு கீறலாம்?

போன மாதம் தம்பி முறையான ஒருவன் வீட்டுக்கு வந்தான். மொரட்டுவையில் கட்டடக்கலை முடித்தவன். கையில் ஒரு கொப்பி. முன்பக்கத்தில் தனக்குக் கிடைக்கக்கூடிய நாலு வேலைகளை எழுதியிருந்தான். பின்பக்கத்திலிருந்து அவன் கீறிய படலைகள், வேலிகள், கிணற்றடிகள். "அண்ணை, முன்பக்கத்தில எதை எடுத்தால் பின்பக்கம் தப்பும்?" என்று கேட்டான்.

பன்னிரண்டு வருடமாக இரண்டையும் இழுத்துக்கொண்டு திரிகிறவன் நான். அந்த நாலில் மூன்றைச் செய்தும் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கொழும்பு அலுவலகம் என்பதுதான் வீட்டார் சொல்லும் பதில். அதில் நியாயமும் இருக்கிறது. ஐந்து வருடம் படித்து வாங்கிய பட்டம் மட்டும் காணாது. சாட்டட், அதாவது பதிவு பெற்ற கட்டடக்கலைஞர், ஆக வேண்டுமென்றால் அனுபவம் உள்ளவரின் கீழ் வேலை பழகி, இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தொழில்முறைத் தேர்வையும் தாண்ட வேண்டும். பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பலகையில் போடவும் ஏலாது. ஓவியருக்கு இப்படி ஒரு பதிவும் கிடையாது, நாளைக் காலையே தொடங்கலாம். அதனால் முதலில் சாட்டட், படம் பிறகு என்று கணக்குப் போடத் தோன்றும். நானும் அப்படித்தான் போட்டேன். வேலையை விட்டால் கடிதம் வரும், கணக்கு முடிப்பார்கள். படம் கீறுவதை விட்டால் ஒருவரும் அறிவிக்க மாட்டார்கள். வெள்ளவத்தை அறையில் இரண்டாம் வருடம் இந்தியன் இங்க் போத்தலைத் திறக்கப் பார்த்தேன், மூடி இறுகிப்போயிருந்தது. சுடுதண்ணீரில் வைத்துத் திறந்தால் உள்ளே அடியில் ஒரு கறுத்தப் பொருக்கு மட்டும். அன்றைக்குத்தான் எத்தனை மாதம் போனதென்று தெரிந்தது.

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் ஒரு போட்டிக்கு வரைபடம் அனுப்பும் வாரத்தில் வீடு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். கொழும்பின் ஒரே பெரிய லாபம் கண்காட்சிக்கூடங்கள். வாங்குகிறவர்களும் எழுதுகிறவர்களும் அங்கேதான். ஆனால் அதற்காக அங்கேயே குடியிருக்க வேண்டுமா? 2014 இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. இரவு பஸ் எப்போதும் இருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். நாலு அங்குல பி.வி.சி. குழாயை வெட்டி, படங்களைச் சுருட்டி உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டால் மழைக்கும் பயமில்லை. சைற்றில் மிஞ்சுகிற குழாய்க்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

அடுத்தது ஊரிலேயே சொந்தத் தொழில். தம்பியின் கண் இதில்தான் நின்றது. "நான் தானே முதலாளி, விரும்பின நேரம் கீறலாம்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வேலை எப்படி வருகிறது என்று பார்ப்போம். காணி கொக்குவிலில் இருக்கும், காசு ரொறன்ரோவில் இருக்கும். இங்கே இரவு பத்து மணி என்றால் கோடையில் அங்கே மத்தியானம் பன்னிரண்டரை. காசு போடுகிற வீட்டுக்காரர் அங்கே சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவார். குசினியைக் கொஞ்சம் கிழக்கே தள்ள முடியுமா, மச்சான் ஒரு வீடியோ அனுப்பினவர், அதில் உள்ள மாதிரிப் படி வைக்கலாமா என்று கேட்பார். இதற்குள் இங்கே மாமா சாத்திரியாரைக் கொண்டு நிலையம் பார்த்து வாசலை மாற்றியிருப்பார். அது ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் நீங்கள். பிளான் கீறுகிற இன்னொருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி இரண்டு நாளில் பிரதேச சபைக்குக் கொடுக்கக்கூடிய தாளைத் தந்துவிடுவார். நீங்கள் ஏன் மூன்று மாதம் கேட்கிறீர்கள் என்று விளக்கவே அரை நாள் போகும்.

பிறகு பிளேட், அதாவது கொங்கிறீற் தட்டு, போடும் நாள். காலை ஆறு மணிக்கே மிக்சர் சுற்றத் தொடங்கும். கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா, அடியில் சீமெந்துக் கட்டை வைத்துத் தூக்கியிருக்கிறதா, குளியலறைக் குழாய்க்கு ஓட்டை விட்டிருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் போகப் பிந்திவிட்டேன். குழாய்க்கு விட வேண்டிய இடத்தை மேசன் நிரப்பிவிட்டார். "தம்பி, பிறகு உடைப்பம்" என்றார், ஏதோ முட்டை உடைக்கிற மாதிரி. அந்த ஓட்டையை உடைத்த இரண்டு நாளும், அதற்குப் பிறகு வந்த வாரமும், தூரிகையைத் தொடவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. தாளுக்கு முன்னால் இருந்தாலும் அந்த ஓட்டைதான் தெரிந்தது.

நேரக் குறைவைப் பற்றித்தான் எல்லோரும் முறைப்பாடு சொல்கிறோம். எனக்கென்னவோ கண்தான் கணக்கு என்று படுகிறது. வேலை முடிந்து வரும்போது கண்ணில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கணினியில் பிளான் கீறுகிற ஓட்டோகாட்டில் எட்டு மணித்தியாலம் மற்றவருடைய கதவு அட்டவணையைத் தட்டிவிட்டு வருகிறவனுக்குக் கை பசியோடு இருக்கும். வீட்டுக்காரரையும் மேசனையும் நாள் முழுக்கச் சமாளித்தவனுக்கு ஒரு கோடு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கிற தெம்பே இருக்காது. படம் கீறுவது என்பதே அடுத்தடுத்து முடிவெடுப்பதுதானே. சொந்தத் தொழில் அந்தச் சாமானையே தின்றுவிடுகிறது. முதல் ஐந்து வருடத்துக்கு, படம் கீறுகிறவனுக்கு அதைவிட மோசமான வேலை இல்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சைற்றைப் பார்த்துக்கொள்ள நல்ல ஓவசியர் ஒருவர் இருப்பார்.

படிப்பிக்கிற வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர்கள் நெடுங்காலம் சித்திர ஆசிரியர் சம்பளத்தில்தான் பிழைத்தார்கள், மாற்கு உட்பட. விடுமுறை கிடைக்கும், இளம் பிள்ளைகளின் கண்ணோடு இருக்கலாம். ஆனால் கட்டடக்கலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு நுண்கலைத் துறையில் நிரந்தர இடம் பிடிப்பது லேசில்லை. மணித்தியாலக் காசுக்குப் போய் வரலாம், அதில் வீட்டு வாடகை கட்ட முடியாது. அப்படிப் பார்த்தால் இதை வேலை என்று எண்ணாமல் வேறொன்றின் ஓரத்தில் வைத்துக்கொள்வதே புத்தி.

ஒரு விஷயத்துக்காக இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற படைப்பை வெளியிட்டார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுவித்தார். அந்தக் கைக்கோட்டையே கட்டடக்கலை வரைபடமாக்கினார்கள், பக்கத்தில் அவர் தன்னுடைய ஓவியத்தையும் வைத்தார். தம்பிக்கு அதை எடுத்துக் காட்டினேன். பிளான் கீறுகிற நமக்கு அறையின் அளவு தெரியும். நினைவில் கீறியவருக்கு எந்த அறையில் யார் படுத்தார்கள் என்பது தெரியும். இரண்டும் ஒரே தாள்தான். அவன் நெடுநேரம் பக்கம் புரட்டவில்லை. கட்டடக்கலை படித்தது வீணாகாத படம் எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நாலாவது, கட்டடத்துக்குள்ளேயே படத்தை வைப்பது. சுவரோவியம், கிராதி, கதவு, சிற்பம். கேட்க நன்றாக இருக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதற்கு எல்லோரும் லக்கி சேனாநாயக்கவைச் சொல்வார்கள். இலங்கையின் பேர்போன கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவர். அந்த அலுவலக வரைபடங்களில் மரங்கள் இலை இலையாக நிற்கும். அதற்கு அவர் கை ஒரு காரணம். பிறகு கலைஞராகவே ஆகி, கோட்டே நாடாளுமன்றத்தில் தொங்கும் தாளிப்பனை விளக்கையும் காலி லைற்ஹவுஸ் ஹோட்டல் படிக்கட்டுச் சிற்பத்தையும் செய்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கட்டடம் கட்டிக்கொண்டே சிற்பம் செய்யவில்லை. கட்டடத்தைப் பாவா பார்த்துக்கொண்டார். அவரைக் கூப்பிட ஒரு பாவா இருந்தார் என்பதும் கணக்கில் வர வேண்டும். யாழ்ப்பாணத்தில் இப்போது எழும் வீடுகளின் முகப்பைப் பாருங்கள்: நாலு தூண், சில்வர் கைபிடி, மேலே சிங்கம். நாற்சார் வீட்டின் முற்றத்தையோ கூரை போட்ட சங்கடப் படலையின் நிழலையோ கேட்கிறவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. நான் ஒருமுறை ஒரு விறாந்தைச் சுவரில் பனங்கூடல் ஒன்று கீறினேன். மூன்று கிழமை வேலை. குடிபூரலுக்கு முதல் நாள் வீட்டுக்காரம்மா வந்து, "நல்லாயிருக்கு தம்பி, நடுவில ஒரு மயில் வைப்பமே?" என்றார். வைத்தேன். அந்த மயில் இன்னும் அங்கே நிற்கிறது. நான் அந்தத் தெருவால் போவதில்லை.

பிரான்சில் பேர்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே காலையில் வீட்டில் ஓவியம், பின்னேரம் அலுவலகம் என்று வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு நானும் விடிய எழும்பிப் பார்த்தேன். இங்கே காலை சைற்றுக்குச் சொந்தம். மேசன்மார் எட்டு மணிக்கு வந்துவிடுவார்கள். அதனால் தலைகீழாக மாற்றினேன். மத்தியானம் ஒன்றரைக்கும் நாலுக்கும் இடையில் இந்த ஊர் வெயிலில் ஒருவரும் ஒருவரையும் கூப்பிடுவதில்லை. கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டால் நீர்வர்ணம் தாளில் விழுவதற்குள் காய்கிறது, அது ஒன்றுதான் கரைச்சல். அதற்காகவே எண்ணெய் வர்ணத்துக்கு மாறினேன்.

கடைசியில் தம்பியின் கொப்பியில் நாலையும் வெட்டிவிட்டு, ஐந்தாவதாக ஒன்றை எழுதினேன்: யாழ்ப்பாணத்திலேயே, சாட்டட் ஆனவர் ஒருவர் நடத்தும் சின்ன அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை. கொழும்பைவிடக் காசு குறைவு. ஆனால் சொந்த வீட்டில் சாப்பாடு, வாடகை இல்லை. ரொறன்ரோ அழைப்பு முதலாளியின் போனுக்குப் போகும். அனுபவக் காலமும் கணக்கில் ஓடும். கொழும்பில் ஆட்களைத் தெரிந்துகொள்ள வருடத்துக்கு இரண்டு தரம் இரவு பஸ். சாட்டட் ஆன பிறகு சொந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கலாம், அதற்குள் படத்துக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்.

"சம்பளம் எவ்வளவு கேக்கிறது?" என்றான்.

"அதைக் கடைசியாய்க் கேள். முதலில் எத்தனை மணிக்குப் பூட்டுறவை எண்டு கேள்."

இரண்டு கிழமை கழித்துக் கோல் எடுத்தான். நேர்முகத்தில் அப்படியே கேட்டிருக்கிறான். அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நாலரைக்குத் தம்பி. அதுக்குப் பிறகு எனக்கு வெங்காயத்துக்குத் தண்ணி விட வேணும்" என்றாராம்.