வில்லியனூர் சுடுமண் விளக்கும் 40 ரூபாய் பல்பும்: மூன்று வருட அனுபவம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று வருடமாக ஒரு சுடுமண் மேசை விளக்கு எரிகிறது. வில்லியனூரில் வாங்கியது. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். இலை இலையாகத் துளை போட்ட அந்த வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தப்பு நான் உள்ளே மாட்டிய பல்பில். சண்டே மார்க்கெட்டில் 40 ரூபாய்க்குக் கிடைத்த, கம்பெனி பெயர்கூட இல்லாத திருகு எல்.இ.டி. பல்பு.

முதல் வருடத்திலேயே இரண்டு பல்பு போய்விட்டது. விளக்கின் மேல்பக்கம் மூடியிருப்பதால் சூடு உள்ளேயே தங்கும். அந்தச் சூட்டைப் பல்பு தாங்கவில்லை. சரி, மலிவுதானே என்று மூன்றாவதை மாட்டினேன். அது அணைத்த பிறகும் மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டே இருந்தது. ராத்திரிக்கு வசதி என்று அம்மா சந்தோஷப்பட்டார். நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் விழித்திருக்க வேண்டும்.

ஒருநாள் தரையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள், வெறுங்காலோடு அம்மா பல்பைக் கழற்றினார். வெள்ளை மூடி மட்டும் கையோடு வந்தது. விரல் உள்ளே அலுமினியத் தகட்டில் பட்டதும் கையை உதறிக்கொண்டு அலறினார். "ஸ்விட்ச அணைச்சிட்டுத்தானேப்பா தொட்டேன்!" ஒயரில் இருக்கும் ஸ்விட்ச் உண்மையிலேயே அணைந்துதான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து தகட்டில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பிளக்கை உருவி, திருப்பிச் செருகி, மறுபடி வைத்தார். எரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். டூ பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் செருகலாம். ஒயர் ஸ்விட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். பிளக் மாறியிருந்தால் அது நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியை) துண்டிக்கும், பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) பல்புக்குள் அப்படியே நிற்கும். மினுக்கலுக்குக் காரணமும் அதுவே. (இண்டிகேட்டர் வைத்த ஸ்விட்சிலும் பல்பு இப்படி மினுக்குவதுண்டு, அது வேறு.) நல்ல பல்புக்குள்ளும் 230 வோல்ட்தான் வருகிறது, ஆனால் மூடி கையோடு வராது.

அன்றே த்ரீ பின் பிளக் போட்டோம். பேஸ் ஸ்விட்ச் வழியாக ஹோல்டரின் நடு முனைக்கு, நியூட்ரல் மரைப் பக்கத்துக்கு. பித்தளை ஹோல்டர் உப்புக்காற்றில் களிம்பேறிக் கிடந்தது, அதையும் மாற்றினோம். அப்புறம் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தோம், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கும் கருவி அது. செலவுதான், ஆனால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பல்பில் இப்போது ஐ.எஸ். 16102 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரிப்பு என்று தெரிந்துவிடும். விலை இரண்டு மடங்குக்கு மேல். 14 மாதமாக அதே பல்புதான் எரிகிறது, அணைத்தால் முழு இருட்டு.

அம்மா மட்டும் இப்போதும் பிளக்கை உருவி மேசைமேல் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் விளக்கைத் துடைக்கிறார்.