அண்ணா சாலையில் பஸ்ஸா, மெட்ரோவா?

மெட்ரோ வந்த பிறகு சென்னை அண்ணா சாலையில், அதாவது மவுண்ட் ரோட்டில், பஸ் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கிண்டியிலோ ஆலந்தூரிலோ ஏறி சென்ட்ரலில் இறங்குகிறவர்களாக இருப்பார்கள். அந்தத் தூரத்துக்கு அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் சிம்சன் நிறுத்தத்தில் ஏறி ஜெமினி மேம்பாலத்தில் இறங்குகிறவருக்கு இன்றைக்கும் பஸ்தான் வசதி என்பது என் கட்சி.

முதலில் மெட்ரோ. நீல வழித்தடம் அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை என்று இந்தச் சாலையை ஒட்டியே பூமிக்கடியில் ஓடி, சின்னமலைக்கு வரும்போது மேலே ஏறிக் கிண்டி போகிறது. சைதாப்பேட்டை முதல் டிஎம்எஸ் வரை 2018 மே மாதமும், அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரை 2019 பிப்ரவரியிலும் திறந்தார்கள். அதற்குள் இந்தச் சாலை பட்ட பாடு கொஞ்சமல்ல. 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் பள்ளி அருகே ரோடு உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டதற்குப் பலன் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே வண்டிகள் நகராமல் நிற்கும்போதும், ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் தேங்கும்போதும், கீழே ரயில் சொன்ன நேரத்துக்குப் போய்விடுகிறது.

சரி, பஸ் எங்கே ஜெயிக்கிறது? குறைந்த தூரத்தில். மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் போக, படியிறங்கி, பையை ஸ்கேனரில் வைத்து, இன்னொரு தளம் இறங்கி, ரயிலுக்கு நின்று, பிறகு அத்தனையையும் மறுபடி ஏறி வரவேண்டும். வெளியே வரும் வாசல் சாலையின் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஏறிவிட்டால் அதற்கும் ஒரு நடை. ஜெமினி மேம்பாலத்தில் நீல வழித்தடத்துக்கு ஸ்டேஷனே கிடையாது. அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கோ செம்மொழிப் பூங்காவுக்கோ போகிறவர் ஆயிரம் விளக்கிலோ டிஎம்எஸ்ஸிலோ இறங்கி வெயிலில் நடக்கவேண்டும். 18ஏ, 54 மாதிரி பஸ்கள் இன்னும் கிட்டத்தில் இறக்கிவிடும்.

காசு விஷயத்தில் பஸ்ஸுக்குப் பக்கத்தில்கூட மெட்ரோ வரமுடியாது. சாதாரண பஸ்ஸில் 5 ரூபாயில் தொடங்குகிறது. மெட்ரோவில் 2 கி.மீ.க்குள் 10 ரூபாய், 5 முதல் 12 கி.மீ. வரை 30 ரூபாய், செல்போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. இதைவிடப் பெரிய விஷயம், 2021 மே முதல் ஒயிட் போர்டு பஸ்ஸில், அதாவது சாதாரண பஸ்ஸில், பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தேனாம்பேட்டையில் வீட்டுவேலைக்கு வரும் ஒரு அக்காவிடம் போய், மெட்ரோ வேகமாகப் போகும், அதில் வாருங்கள் என்று யாரால் சொல்லமுடியும்? தினமும் போகவர ஆகும் காசு மாதக்கடைசியில் அவருக்கு ஒரு பெரிய தொகை.

பஸ் தோற்பது நேரத்தில் மட்டும்தான், அதுவும் அதன் தப்பு இல்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கும் கார்களுக்குப் பின்னால் நிற்கிறது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மெட்ரோ சுரங்கத்துக்கு மேலேயே வருகிறது. ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றவேண்டிய பஸ் பாலத்தில் ஏறமுடியாது, கீழேதான் போயாகவேண்டும். இவ்வளவு அகலமான சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் இந்த ஒப்பீடே வேறு மாதிரி இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மின்சார ரயிலையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். அது எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் போகிறது, சாலையின் நடுப்பகுதிக்கு உதவாது. அப்புறம், சைதாப்பேட்டை மின்சார ரயில் நிலையமும் சைதாப்பேட்டை மெட்ரோவும் ஒரே இடம் இல்லை. ரயில் மாறுவதென்றால் கிண்டிக்குப் போய் மாறுங்கள், அங்கேதான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

என் கணக்கு இதுதான்: நான்கு ஸ்டேஷனுக்கு மேல் என்றாலோ, மாலை நெரிசல் என்றாலோ, மழை என்றாலோ மெட்ரோ. மற்றதற்கெல்லாம் முதலில் வரும் பஸ். இரவில் மட்டும் கவனம், மெட்ரோ 11 மணியோடு முடிந்துவிடும், அதற்குள் கிளம்பிவிடுங்கள்.