தோட்டத்து மரத்தை அறுக்க: காட்பாடி – குடியாத்தம் சாலை மர மில்

ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கமிருந்து வேம்பு, வாகை, புளி என்று டிராக்டரில் ஏற்றி வருபவர்கள் இந்த மில்லுக்குத் தாராளமாகப் போகலாம். அறுவை சுத்தம். அளக்கும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தண்டின் நடுவில் டேப் போட்டுச் சுற்றளவை அங்குலத்தில் எடுப்பார்கள். அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கில் நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. கூலி இந்தக் கணக்குக்குத்தான், பலகையாக வெளியே வருவதற்கு அல்ல. இங்கே பட்டையோடு அளக்கிறார்கள். அரை அங்குலப் பட்டை இருந்தாலே இந்தத் தண்டில் ஒன்றேகால் கன அடி கூடிவிடும். டேப் போடும் இடத்தில் பட்டையைக் கொத்திவிட்டு அளக்கச் சொன்னால் மறுக்காமல் செய்கிறார்கள்.

பேண்ட் சா (நாடா போல ஓடும் ரம்பம்) பிளேடு ஒரு வெட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் மரம்தான் தின்கிறது. பழைய வட்ட ரம்பம் ஆறு வரை தின்னும். பத்து வெட்டில் ஓரங்குலப் பலகை ஒன்றரை மிச்சம்! பலகையில் அலை விழுந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது அல்லது மரம் ஏற்றிய டிராலியை வேகமாகத் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். புளியின் வைரத்தில் (கெட்டியான உள்மரம்) இது சீக்கிரம் வரும். புளியைக் காலையில், சாணை பிடித்த பிளேடில் அறுக்கக் கேளுங்கள்.

சாலையோர மரம் என்றால் போர்டு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கருப்பாகக் கறை தெரிந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பல் உடைந்தால் பிளேடு காசு நம் தலையில்தான்.

7 அடி வாசல் நிலைக்கு 5க்கு 3 அங்குலச் சட்டம் 22 அடி வேண்டும், 2.3 கன அடி. பச்சை மரமென்றால் இரு பக்கமும் கால் அங்குலம் கூட்டி அறுங்கள். அப்போதுதான் காய்ந்து சுருங்கி, இழைப்புளி போட்ட பிறகும் சைஸ் நிற்கும்.

பெரிய குறை, அறுத்ததை வெயிலிலேயே போட்டுவிடுவது. வேலூர் வெயிலில் இரண்டே நாளில் முனை வெடிக்கும், வேம்பு முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கே ஏற்றி வந்து, முனைகளில் பெயின்ட் பூசி, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய சட்டம்) இடையில் கொடுத்து நிழலில் அடுக்குங்கள்.

ஓரச் சிராய், மரத்தூள் யாருக்கு என்பதை அறுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.